அம்மா என்று தொடங்கும் பலகை

சாமியை யாரும் பார்த்ததில்லையாம். கூட்டத்தில் எக்கி எக்கிப் பார்த்தும் தரிசனம் கிடைக்காமல் திரும்புவோமே, அந்தக் கதை இல்லை. பூசாரியே பார்த்ததில்லையாம், அவருடைய அப்பாவும் பார்த்ததில்லையாம். எழுநூறு வருஷமாக இந்தக் கோயிலுக்குள் ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று, துணி இற்றுப்போனால் பழையதை அவிழ்க்காமல் அதன் மேலேயே புதுத்துணியைச் சுற்றிவிடுவார்களாம். அப்படியானால் இத்தனை வருஷத்தில் அது எவ்வளவு பெரிய மூட்டையாக ஆகியிருக்கும், பெட்டி போதுமா, உள்ளே இருப்பது கல்லா கண்ணாடியா கத்தியா, ஒன்றுமே இல்லாமல் வெறும் துணிதானா, கரையான் தின்றிருந்தால் யாருக்குத் தெரியும்? “ஒருத்தருக்குக்கூடவா தோணலட்டி, லேசாப் பிரிச்சுப் பாப்பமேன்னு?” என்று மேகலாவிடம் கேட்டேன். கேட்ட பிறகுதான் யாரிடம் எதைக் கேட்கிறோம் என்று உறைத்தது. என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “எல்லாருக்கும் தோணும்மா. ஆனா பிரிக்க மாட்டாங்க,” என்றாள். கரகரத்த குரல். நான் ஜப்பானுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான் இருக்கிறது, கேட்டால் சளி என்கிறாள், மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்து மூன்று வாரம் ஆயிற்று, சளி அசையக் காணோம். பிறகு கையிலிருந்த துணி அட்டை போட்ட நோட்டைக் காட்டினாள். எந்தக் கோயிலுக்குப் போனாலும் அங்கே அதில் தூரிகையால் தேதி எழுதச் சொல்லிச் சிவப்பு முத்திரை வாங்குவாளாம். முத்திரை என்றதும் எனக்கு ஆசை வந்துவிட்டது, முப்பத்துநாலு வருஷம் தென்காசித் தபால் ஆபீஸில் முத்திரை குத்தின கை இல்லையா, நானும் வாரேன் என்று எழுந்தேன். “வேண்டாம், அங்கன வரிசை நிக்கும். நீ இங்கனயே இரு. இருபது நிமிஷம் ஆகும்,” என்று தோளை அழுத்தி இந்தப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போனாள். அவள் என் தோளைத் தொட்டு எவ்வளவு காலம் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், பிடிபடவில்லை.

இருபது நிமிஷம் சும்மா இருப்பது எனக்கு ஆகாத காரியம். பார்க்கிறதற்கு இருக்கத்தான் செய்கிறது. வாசல் என்று சிவப்புத் தூண் இரண்டும் மேலே குறுக்குக் கட்டையும் நிற்கின்றன, கதவு கிடையாது, பக்கத்தில் சுவரும் கிடையாது, இருந்தும் அத்தனை பேரும் அதற்குள் புகுந்துதான் வருகிறார்கள், புகும்போது ஒரு கும்பிடு, போகும்போது திரும்பி நின்று ஒரு கும்பிடு. கை கழுவுகிற கல்தொட்டி நிறையப் பூவை மிதக்கவிட்டிருக்கிறார்கள். நீலம், ஊதா, வெளிர் ரோஸ். கொடைக்கானலில் பார்த்த அதே பூதான், கொத்துக் கொத்தாகக் காலிஃபிளவர் கணக்காக இருக்கும், ஹைட்ராஞ்சியா. தொட்டியில் ஒன்றை எடுத்துத் தலையில் வைக்கப் போனேன், மேகலா கையைப் பிடித்துவிட்டாள். சாமிக்கும் வைக்கவில்லை, தலைக்கும் வைக்கவில்லை, தண்ணீரில் போட்டு வேடிக்கை பார்ப்பதற்கு ஒரு பூ. மாசிக்கு ஒரு மரம், சித்திரைக்கு ஒரு கொடி, இப்போது ஆனி மழைக்கு இது என்று தோட்டத்தையே மாதம் பிரித்து வைத்திருக்கிறார்களாம். ஒரே செடிதான், புளிப்பு மண்ணில் வைத்தால் நீலம், இல்லாவிட்டால் ரோஸ் என்று மேகலா சொன்னாள். அதெப்படி வேர் போய் மண்ணைச் சுவைத்துப் பார்த்துவிட்டுப் பூவிடம் சொல்லுமா? ஒவ்வொரு செடிக்கும் முன்னால் ஒரு சின்னக் கட்டையில் என்னவோ எழுதி நட்டிருக்கிறார்கள். இந்த மண்ணைப் பற்றித்தான் இருக்கும். இல்லை, பறிக்காதே என்று இருக்கும். இல்லை, இந்தச் செடியை இன்னார் நினைவாக வைத்தது என்று இருக்கும். எதுவாகவும் இருக்கலாம். எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது. எழுத்து எனக்குச் சோறு மாதிரி. சுண்டல் மடித்த காகிதத்தை விரித்துப் படிக்காமல் போட்டதில்லை, பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் செய்தித்தாளை அவர் திருப்புவதற்கு முன்னால் முடித்துவிடுவேன், கல்யாண வீட்டில் பாத்திரத்தைக் கவிழ்த்து யார் பெயர் வெட்டியிருக்கிறது என்று பார்ப்பேன். அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து சுற்றிலும் எழுத்தாக இருந்தும் ஒன்றையும் படிக்க முடியாத ஊரில் உட்காரவைத்தால்? கண்ணிருந்தும் குருடு. மூன்று வாரப் பட்டினி. மகள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டின சீட்டு ஜப்பானியம், மளிகைப் பட்டியல் ஜப்பானியம், குளியலறை அலமாரியில் இருக்கிற வெள்ளைக் காகிதப் பை, மாத்திரைப் பை, அதில் அவள் பெயராகத்தான் இருக்க வேண்டும், அதுவும் ஜப்பானியம். காலண்டரில் மட்டும் எண் நம்முடைய எண்தான். ஜூலை பத்தைச் சுற்றிப் பச்சை மையில் வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில் மூன்று எழுத்து. முதல் வாரத்திலேயே அந்த மூன்றையும் பார்த்துப் பார்த்து அரிசிப் பை ஓரத்தில் கோலம் போடுகிற மாதிரி எழுதி வைத்துக்கொண்டேன், எதிர் வீட்டு அம்மாளிடம் காட்டிக் கேட்கலாம் என்று. அவளுக்கு என் பாஷை தெரியாது, சைகையில் என்ன சொல்வாள், நெஞ்சைத் தொட்டுக் காட்டினால் என்ன அர்த்தம் எடுப்பேன், வயிற்றைத் தொட்டால் என்ன அர்த்தம்? பயந்துபோய்க் கிழித்துப் போட்டேன். போட்டதற்குப் பயம் மட்டும் காரணம் இல்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன். டிக்கெட் போடுவதற்கு முன்னாலேயே போனில் சொல்லிவிட்டாள்: “நானாச் சொல்ற வரைக்கும் எதையும் நோண்டக் கூடாது. போனை நீட்டிப் படம் பிடிச்சு மொழிபெயர்க்கிற வேலையெல்லாம் வச்சுக்கக் கூடாது. சரின்னா வா.” சரி என்றேன். இந்த ஊருக்கு வந்து எட்டு வருஷமாக வா என்று கூப்பிடாதவள் கூப்பிடுகிறாள், கரும்பு தின்னக் கூலி கேட்பேனா? ஆனால் எட்டு வருஷம் கூப்பிடாதவள் இப்போது எதற்குக் கூப்பிட்டாள் என்று ஒரு கேள்வி இருக்கிறதே, அது முள்ளு மாதிரி உள்ளேயே கிடக்கிறது. பச்சை வட்டம். மாத்திரைப் பை. வா என்ற போன். மூன்றையும் சேர்த்து வைத்தால் எந்தத் தாய்க்கும் ஒன்றுதான் தோன்றும். அதை நான் நினைக்க மாட்டேன். பூவைப் பார்க்கிறேன்.

பூவைத் தாண்டித்தான் அந்தப் பலகைகள். பெஞ்சுக்கு நேர் எதிரே, எட்டு அடிகூட இருக்காது, ஒரு கூரை போட்ட மரச்சட்டத்தில் வரிசை வரிசையாகக் கொக்கி, கொக்கிக்கு நாலைந்து பலகை. தபால் கார்டு அகலம்தான், மேலே மட்டும் வீட்டுக் கூரை கணக்காகக் கூம்பி இருக்கிறது. ஒரு பக்கம் இந்தப் பூவைத்தான் படமாகப் போட்டிருக்கிறார்கள், மறுபக்கம் ஆளாளுக்கு எழுதியது. சாமிக்கு எழுதுகிற கடிதமாம், வேண்டுதல். மஞ்சள் துணியில் முடிந்து வைப்போமே நாம், அதை இவர்கள் எழுத்தில் முடிகிறார்கள். முடிந்ததைப் பெட்டிக்குள்ளும் போடவில்லை, இப்படி வெட்டவெளியில் தொங்கவிட்டிருக்கிறார்கள், போகிறவர் வருகிறவர் படிக்கிற மாதிரி. சாமியை ஏழு சுற்றுத் துணியில் மூடி வைப்பார்களாம், மனுஷர் மனசை மட்டும் காயப் போடுவார்களாம். தபால் கார்டும் அப்படித்தான். நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே பெரியவர் மகிழ்வண்ணன், எங்கள் போஸ்ட் மாஸ்டர், கூப்பிட்டுச் சொன்னார், “உலகம்மை, இங்க நம்ம கண்ணுக்கு விலாசம் மட்டுந்தான் தெரியணும்.” தலையை ஆட்டினேன். ஆனால் கார்டு திறந்தல்லவா கிடக்கிறது. விலாசத்தைப் படித்த கண் பக்கத்தில் இருப்பதைப் படிக்காமல் எப்படித் திரும்பும்? மேலகரத்தில் யாருக்கு மாடு கன்று போட்டது, கடையநல்லூரில் எந்தச் சம்பந்தம் கூடவில்லை, எந்த மகன் அப்பாவுக்கு ‘நலம், நலமறிய ஆவல்’ என்பதற்கு மேல் ஒரு வரி எழுத மாட்டான், எல்லாம் எனக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. அது ஒன்றுதான் என்னுடைய பத்தினித்தனம். கார்டைப் படிப்பேன்; உறையைத் தொட மாட்டேன். அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது ஒரு சின்னப்பெண் வந்து நிற்கிறாள், காலேஜ் படிக்கிற வயசு, ஒரு பலகையில் குனிந்து என்னவோ எழுதினாள், எழுதி முடித்து அங்கே இருந்த டப்பாவிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதம் எடுத்தாள், பின்பக்கத்தை உரித்து எழுத்தின் மேலே ஒட்டி நீவிவிட்டாள். ஓகோ, இப்படி ஒரு ஏற்பாடா! மற்றவர் கண் படக் கூடாது என்றால் மூடிவிடலாம், சாமி ஒட்டுக்குள்ளும் படித்துக்கொள்ளும் போலிருக்கிறது. அவள் போன பிறகு எழுந்துபோய்ப் பார்த்தேன். சும்மா எத்தனை பேர் ஒட்டியிருக்கிறார்கள் என்று எண்ணத்தான். பத்துக்கு மூன்று பேர் ஒட்டியிருந்தார்கள். மீதி ஏழு பேருக்கு மறைக்க ஒன்றுமில்லை, அல்லது மறைக்கத் தெரியவில்லை. அப்படியே கண்ணை ஓட்டிக்கொண்டு போனேன், கட்டம் கட்டமான எழுத்து, கோழி கிளறின மாதிரி எழுத்து, ஒரு குழந்தை போட்ட நாய்ப் படம், மூன்றாவது வரிசையில் இடமிருந்து இரண்டாவது கொக்கியில், மேலே தொங்குகிற பலகைக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டு, ‘அம்மா’ என்று இருந்தது.

தமிழில் இருந்தது. படிக்கிறேன் என்று தெரிவதற்கு முன்னாலேயே படித்துவிட்டேன். மூன்று வாரம் வாயில் எதுவும் படாதவளுக்கு ஒரு பருக்கை கிடைத்த மாதிரி ஒரு சொல். எழுதினது யார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ‘மா’வின் கால் நீண்டு கீழே வந்து ஒரு கொக்கி போட்டுத் திரும்பும், ஒன்றாம் வகுப்பில் டீச்சர் அடித்தும் மாறாத கொக்கி. என் மகளுடைய தமிழ் எழுத்தைப் பதினேழு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் நின்று அழுதேன், பக்கத்தில் நின்ற ஜப்பான்காரர் குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு மரியாதையாக நகர்ந்து போனார். பதினேழு வருஷம் முன்னால் நான் ஒரு உறையைப் பிரித்தேன். முப்பத்துநாலு வருஷத்தில் ஒரே ஒரு உறை. மேகலா காலேஜ் கடைசி வருஷ லீவில் வீட்டில் இருந்தாள். செல்போனில் எழுதினால் அம்மா பார்த்துவிடுவாள் என்று அவள்தான் அந்தப் பையனைத் தபாலில் எழுதச் சொல்லியிருக்க வேண்டும். போயும் போயும் தபாலில்! பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை. பிரித்துப் போடுகிற தபால் கட்டுக்குள் எங்கள் வீட்டு விலாசம் வந்தது, அனுப்பியவர் அருள்ராஜ், சென்னை. எங்க வீட்டுத் தபால்தானே, நானே கொண்டுபோறேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு எடுத்து வந்து, இட்லிக் கொப்பரை ஆவியில் காட்டினேன். ஓரம் சுருளாமல் வந்தது, கைக்கு அப்படி ஒரு பாவம் செய்யத் தெரிந்திருக்கிறது. என்ன இருந்தது அதில்? ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன், நீயும் வந்து சேர், எழுத்து கஷ்டம்தான் ஆனால் படம் வரைகிற மாதிரி இருக்கிறது, இப்படி ஒன்றரைப் பக்கம். கடைசியில் ‘பதில் போடு’ என்று அடிக்கோடு. அவ்வளவுதான். சோற்றுப் பசை தடவி ஒட்டி மறுநாள் தபால் கட்டோடு சேர்த்துவிட்டேன், தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார், நான் அடுப்படியில் நின்று ‘யாருக்குத் தபால்?’ என்றுகூடக் கேட்டேன். பதினோரு நாள் ஒன்றும் சொல்லவில்லை அவள். பன்னிரண்டாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்தாள். அதன் நடுவில் காய்ந்த சோற்றுப் பருக்கை ஒன்று. “இது கவர் மடிப்புல இருந்துச்சு. நீ படிச்சியாம்மா?” என்றாள். அவள் கண்ணைப் பார்த்தே சொன்னேன், “படிக்கல.” படித்ததைக்கூட மன்னித்திருப்பாள் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். அந்த ‘படிக்கல’வை மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகு என் கண் படுகிற இடத்தில் ஒரு வரி தமிழ் எழுதியதில்லை. மளிகைச் சீட்டைக்கூட இங்கிலீஷில் எழுதினாள், நான் அதையும் படிப்பேன் என்று தெரிந்ததும் வாயால் சொல்லி அனுப்பினாள். அப்புறம் சென்னை, அப்புறம் இந்த ஊர், யாராலும் படிக்க முடியாத எழுத்து, அதாவது என்னால் படிக்க முடியாத எழுத்து. அவள் அப்பா இறந்தபோது வந்தாள், பதினாறு முடிந்ததும் போய்விட்டாள். அந்த அருள்ராஜுக்குப் பதில் போட்டாளா இல்லையா என்பது எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ள இப்போதும் ஆசையாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன்?

அம்மா. அப்புறம் என்ன? மேல் பலகையை ஒரு விரலால் தூக்கினால் போதும், ஒரு விரல், காற்று அடித்தால்கூடத் தூக்கும், காற்றுத் தூக்கி நான் படித்தால் குற்றம் காற்றுமேலே. ஆனால் காற்று இல்லை. மழைக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது தோட்டம். கார்டைப் படிக்கலாம் என்பதுதானே உன் சட்டம், உலகம்மை, இது கார்டுதானே, திறந்துதானே கிடக்கிறது, ஒட்டவும் இல்லையே. ஒட்டவில்லை, ஏனென்றால் இந்த ஊரில் தமிழ் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள் என்று விட்டிருக்கிறாள். ஆயிரம் பேர் நடுவில் துணிந்து திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், பெற்றவள் ஒருத்திதான் இந்தக் கடலுக்கு இந்தப் பக்கம் அதைப் படிக்கக்கூடியவள், அவளையும் எதிர்ப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு முத்திரை வாங்கப் போய்விட்டாள், மறந்துபோய். எவ்வளவு பெரிய தவறு பார். அம்மா நல்லா இருக்கணும் என்று இருக்கும். இருக்குமா? அம்மா சீக்கிரம் ஊருக்குப் போகணும் என்று இருந்தால்? அம்மாவை என்னால் மன்னிக்க முடியவில்லை, அதற்கு மனசு கொடு என்று இருந்தால்? இருக்கட்டும், அதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். அம்மாவுக்கு முன்னால் நான் போய்விடக் கூடாது என்று இருந்தால்? இதைத்தான் நினைக்க மாட்டேன் என்றேன். பச்சை வட்டத்துக்கு இன்னும் பதினாலு நாள் இருக்கிறது. இப்போது படித்தால் பதினாலு நாள் எனக்குக் கிடைக்கும், ஊரில் ராஜாவல்லிபுரத்துச் சாமிக்கு நேர்ந்துகொள்ளலாம், டாக்டரைப் பார்க்கலாம், அவள் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கலாம். படிக்காவிட்டால் நான் ஒன்றும் தெரியாமல் பால் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருப்பேன். மகளுக்கு ஒன்று என்றால் தாய் தெரிந்துகொள்ள வேண்டாமா, இது நோண்டுவதா? விரல் நீண்டுவிட்டது. மேல் பலகையின் ஓரத்தைத் தொட்டேன், மரம் ஈரமாக இருந்தது, ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா. அப்போது உள்ளே மணியை யாரோ ஆட்டினார்கள், இரண்டு முறை கைதட்டினார்கள், எனக்கு அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது. எழுநூறு வருஷம். துணி இற்றுப்போகும்போதெல்லாம் ஒருத்தர் கையில் அது இருந்திருக்கும், பக்கத்தில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள், இற்ற துணிக்குள்ளே ஒரு ஓட்டைகூடத் தெரிந்திருக்கும். அந்த ஆளும் என்னைப் போல ஒரு ஆள்தானே, அவனுக்கும் விரல் அரித்திருக்கும்தானே. அவன் என்ன செய்தான்? புதுத்துணியை எடுத்துச் சுற்றினான். எல்லாருக்கும் தோணும்மா, ஆனா பிரிக்க மாட்டாங்க. அவள் அதைச் சொன்னபோது என்னைத்தான் பார்த்தாள். நான் தூக்கிப் படித்துவிட்டு, அவள் வரும்போது பூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவளுக்குத் தெரியவே தெரியாது. அவள் கேட்க மாட்டாள், கேட்டாலும் என்னிடம் ஒரு ‘படிக்கல’ இருக்கிறது. அந்த நினைப்பு வந்ததும் வாயெல்லாம் கசந்துவிட்டது.

டப்பாவிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதம் எடுத்தேன். பழக்க தோஷம், நாக்கில் வைத்து நனைக்கப் போய், இல்லை இல்லை, இது உரிக்கிற பசை என்று உரித்தேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டேன். சாய்த்துப் பார்க்க ஒரு கீற்றுக்கூட இல்லாமல், நன்றாக இறுக்கி. கரண்ட் போனபோது இருட்டிலேயே கார்டை, உறையை, இன்லண்டை விரலால் பிரித்துப் போட்டவள் நான், ஒரு பலகையின் ஓரம் தெரியாதா? மேல் பலகையை இடது கையால் தூக்கினேன். கீழே அது இருந்தது, என் கட்டைவிரலுக்கு அடியில் மையின் மேடுகூடத் தட்டுப்பட்ட மாதிரி இருந்தது, நாலைந்து வரி இருக்கும் போல, ஒரு வரி வேண்டுதல் இல்லை. வாழ்நாளெல்லாம் இந்தக் கண்ணைத் திறந்து வைத்துத்தான் தப்புச் செய்தேன், மூடி வைப்பது இவ்வளவு வலிக்கும் என்று தெரியாது. காகிதத்தை வைத்து அழுத்தினேன். கட்டைவிரலால் மூன்று தரம் நீவினேன், ஸ்டாம்பு ஒட்டுகிற மாதிரி. மேல் பலகையை விட்டேன், அது கீழ்ப்பலகையில் மோதி டக் என்றது. கண்ணைத் திறந்தபோது எல்லாம் ஒரே நீலமாகத் தெரிந்தது. வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளத் துடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மேகலா வந்தாள். நோட்டை விரித்துக் காட்டினாள், கறுப்பு மை இன்னும் காயவில்லை, நடுவில் சிவப்பு முத்திரை. முத்திரை என்றால் அது முத்திரை, ஒரு ஓரம்கூட மங்கவில்லை, குத்தின ஆளைப் பார்க்கவேண்டும் போல இருந்தது. “நல்லா குத்தியிருக்கான்,” என்றேன். அவள் முத்திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பூவைக் காட்டி, அந்த மண் விஷயத்தைத் திரும்பக் கேட்டேன். பதில் சொன்னாள். பேச்சு முடிந்தது. போவோமா என்று எழுந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. “வேற ஒண்ணும் கேக்கணும்னு இல்லியா ஒனக்கு?” என்றாள். “எதைக் கேக்க?” “இருவது நிமிஷம் சும்மாவா இருந்த?” “சும்மாத்தான் இருந்தேன். பூவைப் பாத்துட்டு.” சட்டென்று எழுந்து நேரே மரச்சட்டத்துக்குப் போனாள், தேடவே இல்லை, மூன்றாவது வரிசை, இரண்டாவது கொக்கி, மேல் பலகையைத் தூக்கினாள். அப்படியே நின்றாள். நானும் பின்னாலேயே போனேன். காகிதம் கோணலாக ஒட்டியிருந்தது, ஒரு மூலை பலகையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தலைப்பில் ‘அம்மா’ மட்டும் தப்பித்து வெளியே தெரிந்தது.

“இது யாரு ஒட்டினா?”

“நாந்தான்.”

“படிச்சிட்டு ஒட்டினியா?”

“படிக்கல.”

அதே சொல். வேறு சொல் இருந்திருக்கக் கூடாதா, பதினேழு வருஷத்துக்கு முன்னால் அழுக்காக்கி வைத்த அதே சொல்தான் வந்தது. இவள் எப்படி நம்புவாள்? மேகலா நீட்டிக்கொண்டிருந்த மூலையை விரலால் தொட்டாள். என் கைவேலை அவளுக்குத் தெரியும், வாழ்க்கையில் ஒரு ஸ்டாம்பைக் கோணலாக ஒட்டியவள் இல்லை நான். “கண்ணை மூடிட்டா ஒட்டின?” என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“எம்மா... இத்தனை வருஷம் இல்லாம இன்னைக்குத்தானா ஒனக்கு நல்ல புத்தி வரணும்? ஒனக்குன்னுதாம்மா எழுதினேன். மூணு வாரமாச் சொல்லணும் சொல்லணும்னு வாய் வரல. கண்ணுக்கு எதுக்க வச்சா நீ படிக்காம இருக்க மாட்டேன்னு நெனச்சேன். போன வாரமே வந்து மாட்டிட்டு, பெஞ்சையும் பாத்து வச்சிட்டுத்தான் போனேன்.”

நகத்தால் காகிதத்தின் மூலையைக் கிளப்ப ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். கை சில்லென்று இருந்தது. “பிய்க்காதட்டி. சாமிக்குன்னு மூடியாச்சு. எனக்கு உள்ளதை நீ வாயாலயே சொல்லு,” என்றேன்.

தொட்டியில் பூக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றின, மழை தூற ஆரம்பித்திருந்தது. பிறகு சொன்னாள். “தொண்டையில ஒரு கட்டிம்மா. தைராய்டுல. பத்தாம் தேதி ஆபரேஷன். கெட்டதா இல்லியான்னு எடுத்துப் பாத்தாத்தான் தெரியுமாம். அது குரல் நரம்பை ஒட்டிக்கிட்டு இருக்கு. அதான் இப்படிக் கரகரங்குது. அப்புறம் குரல் முந்தி மாதிரி வருமான்னு கேட்டேன், டாக்டர் சொல்ல மாட்டேங்காரு. வரலாம்ங்காரு. வராமலும் போலாம்ங்காரு.” சளி என்றாளே. மூன்று வாரமாக இந்தக் குரல் என் காதுக்குப் பக்கத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தது, நான் ஃபிரிட்ஜையும் காலண்டரையும் மாத்திரைப் பையையும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இவள் பிறந்து முதல்முறை அழுததை நான் கேட்டிருக்கிறேன், முதலில் சொன்ன சொல்லைக் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு என்றைக்கு உட்கார்ந்து கேட்டேன்? எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பலகை எங்கேயும் போகாது. அதை எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்.

அவளைக் கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்தேன். குடையை விரித்து அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தேன்.

“இன்னொரு தடவை சொல்லு,” என்றேன்.

“எதைம்மா?”

“எல்லாத்தையும். மொதல்லேர்ந்து. அவசரமில்ல, பையச் சொல்லு. நான் கேக்கேன்.”

அவள் எச்சிலை விழுங்கிக்கொண்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். “அம்மா,” என்று ஆரம்பித்தாள்.